இந்தப் பக்கம் பாருங்க, சார்!

நம்மவர் கல்யாணங்களில் முகூர்த்த நேரத்தில் யார் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெண்ணின் தகப்பனார் சொல்லுக்கு இல்லை. மாப்பிள்ளையின் தாயார் சொல்லுக்கும் இல்லை. சாஸ்திரிகள்கூட அந்த நேரத்தில் இரண்டாம் பட்சம்தான். "இந்தப் பக்கம் பாருங்க, சார்! மேடம், கொஞ்சம் சிரிங்க! மாமா, நீங்க ஒரு அடி தள்ளிக்குங்க!" என்று மேடையில் நின்று உத்தரவு போடுகிறாரே, அந்த போட்டோகிராபர் சொல்லுக்குத்தான். சாஸ்திரிகளும் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தி, கையில் தர்ப்பையோடு தலையை நிமிர்த்திக் காமிராவுக்கு முகம் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே நாக்பூரிலேயே உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று. ஊரிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் நாற்பது பேர் வந்து இறங்கியிருந்தார்கள். கெட்டி மேளம் கொட்டிய போது மேடையில் இரண்டு காமிராக்காரர்கள், இரண்டு வீடியோக்காரர்கள், விளக்கு பிடிக்க ஒரு பையன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரிந்தது ஐந்து முதுகுகள். நாங்கள் தூவிய அட்சதையில் பாதி அந்த முதுகுகளின் மேல்தான் விழுந்தது. எனக்குப் பக்கத்தில் பெண்ணின் பாட்டி, எண்பது வயதைத் தாண்டியவர், ஓர் இரவும் ஒரு பகலும் ரயிலில் வந்தவர். "தாலி ஏறிடுத்தா?" என்று என்னைக் கேட்டார். அதற்குள் மேடையிலிருந்து குரல்: "சார், கை மறைச்சிடுச்சு. இன்னொரு தரம் கட்டற மாதிரி காட்டுங்க!" மாப்பிள்ளை சாதுவான பிள்ளை. கட்டின தாலியைப் பிடித்துக்கொண்டு மறுபடி கட்டுவது போல் நின்றார். தவில்காரர் மறுபடி கெட்டி மேளம் கொட்ட வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் நாதஸ்வரக்காரர் முகத்தைப் பார்த்தார்.

போட்டோகிராபர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கல்யாண வீட்டார் கேட்பதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். தாலி கட்டும் படம் ஆல்பத்தில் சரியாக விழவில்லையென்றால் மறுநாள் திட்டு வாங்கப் போகிறவர் அவர்தானே! ஆனால் இதற்கு வேறு ஒரு வழி இருக்கிறது. நடப்பதை நடக்கிறபடியே விட்டு, யாரையும் நிறுத்தாமல், திருப்பாமல், சிரிக்கச் சொல்லாமல், ஒதுங்கி நின்று படம் பிடிக்கிற வழி. ஆங்கிலத்தில் டாகுமெண்டரி முறை என்கிறார்கள். நாம் ஆவணப் படம் எனலாம். நம் பிள்ளைகள் கல்யாணங்களில் இது மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருப்பதால், பெரியவர்களும் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இப்போது போட்டோக்காரர்கள் கொடுக்கும் பட்டியலில் "டிரெடிஷனல்" என்று ஒரு வரி, "கேண்டிட்" என்று ஒரு வரி, அதற்குத் தனி விலை, இதற்குத் தனி விலை என்று இருக்கும். கேண்டிட் என்றால் தெரியாமல் எடுப்பது என்று நினைத்து நாமும் சரி என்கிறோம். நடைமுறையில் என்ன நடக்கிறது? மணப்பெண்ணை ஜன்னலோரம் நிறுத்தி, "காமிராவைப் பார்க்காதீங்க, எதையோ நினைச்சுச் சிரிக்கிற மாதிரி இருங்க" என்கிறார்கள். காமிராவைப் பார்த்துச் சிரிப்பதாவது ஒரு நேர்மையான காரியம். பார்க்காத மாதிரி நடிப்பதற்கு நடிப்புத் திறமை வேறு வேண்டும். படம் அழகாகத்தான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஆவணப் படம் அல்ல.

கேண்டிட் என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜெர்மனியில் எரிக் சாலமன் என்று ஒருவர். 1928-ல் பெர்லினில் ஒரு கொலை வழக்கு விசாரணையை, தொப்பிக்குள் காமிராவை மறைத்து வைத்துப் படம் எடுத்தார். அவரிடம் இருந்தது எர்மனாக்ஸ் என்ற சிறிய காமிரா. அதன் லென்ஸ் மிகப் பெரிய வாய் கொண்டது. வெடிப்பொடி வெளிச்சம் இல்லாமலே அறைக்குள் படம் எடுக்கும். அதன்பின் ஐரோப்பியத் தலைவர்களின் மாநாடுகளில் புகுந்து, அவர்கள் கொட்டாவி விடுவதையும் காதோடு காதாகப் பேசுவதையும் எடுத்தார். இந்தப் படங்களைப் பார்த்துத்தான் லண்டன் பத்திரிகை ஒன்று "கேண்டிட்" என்ற சொல்லைப் போட்டோவுக்குப் பயன்படுத்தியது. சாலமன் யூதர். 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார்.

அதற்கு முன்னாலெல்லாம் காமிரா என்றால் முக்காலி, மரப்பெட்டி, கறுப்புத் துணி. 19-ம் நூற்றாண்டில் பல விநாடிகள் அசையாமல் உட்கார வேண்டும். தலை ஆடாமலிருக்க நாற்காலிக்குப் பின்னால் இரும்புக் கவ்வி ஒன்று வைத்திருப்பார்கள். நம் கொள்ளுத் தாத்தாக்கள் படத்தில் விறைப்பாக இருப்பதன் பூர்வ கதை இதுதான். பிறகு காமிராவுக்கு வேகம் வந்தும் அந்த விறைப்பு மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது. 1925-ல் சினிமாவுக்கான 35 மி.மீ. பிலிமைப் போட்டுப் பயன்படுத்தும் லைக்கா காமிரா விற்பனைக்கு வந்தது. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு உலகம் சுற்றியவர்தான் பிரான்ஸ் தேசத்து ஹென்றி கார்டியே-பிரெஸ்ஸோன். பிளாஷ் வெளிச்சத்தை அவர் அடியோடு வெறுத்தவர். 1948-ல் காந்திஜி சுடப்படுவதற்குச் சற்று முன் அவரைச் சந்தித்துப் படம் எடுத்தவர்; இறுதி ஊர்வலத்தையும் எடுத்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்த போது திருவண்ணாமலையில் இருந்தார். பெரிய சம்பவங்களைப் படம் எடுக்கும் போதும், அந்தச் சம்பவத்தைப் பார்க்கிற சாதாரண ஜனங்களின் முகம்தான் அவருக்கு முக்கியம்.

இந்த முறை கல்யாணத்துக்கு வந்தது பிற்பாடு. அமெரிக்காவில் இதைப் பிரபலமாக்கியவர்களில் டெனிஸ் ரெஜ்ஜி முக்கியமானவர். 1996 செப்டம்பரில் ஜான் கென்னடியின் மகன் கல்யாணம், ஜார்ஜியா மாநிலத்தை ஒட்டிய ஒரு தீவில், மின்சார விளக்கே இல்லாத ஒரு சின்ன மரக் கோயிலில் நடந்தது. கோயிலை விட்டு இருட்டில் வெளியே வரும் போது மாப்பிள்ளை பெண்ணின் கையை எடுத்து முத்தமிட்டார். அதை ரெஜ்ஜி எடுத்த படம் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்தது. யாரும் "சார், இன்னொரு தரம்" என்று கேட்டிருந்தால் அந்தப் படம் இல்லை.

வெளிச்சக் கணக்கு

நம் ஊர் பழைய போட்டோகிராபர்கள் ஏன் அப்படி எடுத்தார்கள் என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. என்னைப் போன்ற டிப்ளமாக்காரனுக்கு அது கணக்காகத்தான் புரிகிறது. சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பிலிம் செலவு. பெட்டிக் காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படம். 35 மி.மீ. சுருளில் 36. கல்யாணத்துக்கு மூன்று சுருள் என்று பேசினால் மொத்தம் 108 தடவைதான் பட்டனை அமுக்க முடியும். காசி யாத்திரை, ஊஞ்சல், தாலி, அம்மி, அருந்ததி, சம்பந்தி வரிசை என்று பங்கு போட்டால் வேறு எதற்கும் மிச்சமில்லை. அவர் எப்படி ஒரு குழந்தை தூங்குவதையும், சமையல்காரர் நெற்றி வியர்வையைத் துடைப்பதையும் எடுப்பார்?

இன்னொன்று, வெளிச்சம். ஒரு சாதாரண மண்டபத்துக்குள் குழல் விளக்கு வெளிச்சத்தில், இன்றைய டிஜிட்டல் காமிராவில் ஐ.எஸ்.ஓ. 3200 என்று வைத்து, லென்ஸை எஃப் 2.8-க்குத் திறந்தால், விநாடியில் 125-ல் ஒரு பங்கு நேரத்தில் படம் விழும். அன்றைய பிலிமின் வேகம் 100. அதாவது 32-ல் ஒரு பங்கு. அதே படத்துக்கு அன்று கால் விநாடி வேண்டும். கால் விநாடியில் தாலி கட்டும் கை வெறும் புகையாகத்தான் தெரியும். ஆகவே பிளாஷ் தவிர வழியில்லை.

பிளாஷ் வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. போட்டோகிராபர் மணமக்களிடமிருந்து இரண்டு மீட்டரில் நிற்கிறார். ஆறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு. மணமக்கள் பளிச்சென்று வெள்ளையாக, பின்னால் நிற்பவர்கள் இருட்டில். பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், கல்யாணம் ஏதோ குகைக்குள் நடந்தது போல இருக்கும்.

என் கல்யாணம் 1987-ல் மயிலாடுதுறையில் நடந்தது (எங்களுக்கு இன்றைக்கும் அது மாயவரம்தான்). ஆல்பத்தில் 84 படங்கள். அதில் என் அத்தை இல்லை. என் அப்பாவின் அக்கா. இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர். என் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாலிருந்து சீர் பட்சணம் முழுக்க அவர் மேற்பார்வைதான். மேடைப் பக்கம் வர மாட்டார். அந்தக் காலத்து வழக்கம் அப்படி; வரச் சொன்னாலும் வந்திருக்க மாட்டார். போட்டோகிராபரும் மேடையை விட்டு இறங்கவில்லை. ஒரே ஒரு படத்தில், நாங்கள் அம்மி மிதிக்கும் படத்தில், பின்னால் இருட்டில் உக்கிராண அறைக் கதவோரம் வெளிறின புடவையின் ஒரு விளிம்பு தெரிகிறது. அது அத்தைதான் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்கு நிச்சயமில்லை. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன். ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்த நாள் ஆல்பம் யார் முக்கியம் என்று வீட்டார் நினைத்தார்களோ அவர்களைக் காட்டுகிறது. கல்யாணத்தைத் தாங்கி நடத்தியவர்கள் பெரும்பாலும் அதில் இல்லை. எத்தனை வீட்டில் இந்த மாதிரி ஓர் அத்தை இருந்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்த இடம்

நான் ரயில்வேயில் பி.வே. பகுதியில், அதாவது தண்டவாளப் பராமரிப்பில், வேலை பார்த்தவன். வண்டி தடம் புரண்டால் அந்த இடத்தில் எங்களுக்கு ஒரு கட்டாயம்: எதையும் நகர்த்துமுன் அளவு எடுக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிய இடத்தின் கீறல், ஸ்லீப்பரில் விழுந்த தடம், கழன்று கிடக்கும் கிளிப், எல்லாம் கிடந்தது கிடந்தபடி. ஒரு பக்கம் பாதையைச் சீக்கிரம் திறக்கச் சொல்லி மேலிருந்து நெருக்குவார்கள், ஜாக்கியோடு ஆட்கள் தயாராக நிற்பார்கள். இருந்தாலும் படம் எடுத்து முடிகிறவரை யாரும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடக்கூடாது. வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டால் அப்புறம் என்ன நடந்தது என்று எந்தக் கமிட்டி வந்தாலும் யூகம்தான்.

தாலியை மறுபடி கட்டுவது போல் காட்டச் சொல்லி எடுக்கும் படம், என் கணக்கில், தூக்கி நிறுத்திய வண்டியின் படம். (கல்யாணத்தையும் தடம் புரண்டதையும் ஒரே கட்டுரையில் எழுதலாமா என்று என் மனைவி கேட்கிறாள். எங்கள் அனுபவத்தைப் பற்றி அல்ல என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

2018 தை மாதம் எங்கள் இளைய மகளுக்கு இங்கே கல்யாணம். மாப்பிள்ளை மராட்டியப் பிள்ளை. நம் முறைப்படி தாலி, அவர்கள் முறைப்படி மணமக்களுக்கு நடுவே அந்தர்பாட் துணி பிடித்து மங்களாஷ்டகம், இரண்டும் ஒரே காலையில். மகளே பார்த்துப் பேசி முடித்த போட்டோகிராபர் ஒரு மராட்டிய இளைஞர். வீட்டுக்கு வந்தவர் விலைப் பட்டியலை நீட்டவில்லை. "காகா, ரொம்ப தூரத்திலிருந்து வருகிறவர்கள் யார்? வயதானவர்கள் யார்? யார் மேல் பெண்ணுக்குப் பிரியம் அதிகம்? யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை?" என்று ஹிந்தியில் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு அரை மணி ஆயிற்று.

அவருக்கு நம் கல்யாண முறை தெரியாது. இது இங்கே எல்லாருக்கும் வருகிற பிரச்சினை. வடக்கத்தியப் போட்டோகிராபர் அக்னியைச் சுற்றி வரும் ஃபேராதான் முக்கியம் என்று அதற்காகக் காத்திருப்பார்; மராட்டியர் அந்தர்பாட் விலகும் கணத்துக்காகக் காத்திருப்பார். நமக்குத் தாலி கட்டுவது அதற்கெல்லாம் முன்னால், கெட்டி மேளத்தோடு சட்டென்று நடந்து முடிந்துவிடும். என் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள். நான் அவருக்குச் சொன்னது ஒன்றுதான்: "சாஸ்திரிகள் விரலை உயர்த்தி மேளக்காரரைப் பார்ப்பார். அதுதான் சிக்னல். அதற்கப்புறம் பத்து விநாடி." நாத்தனார் முடிச்சு பற்றியும் சொல்லி வைத்தோம்: மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட்டதும் மற்ற இரண்டையும் அவர் சகோதரி போடுவாள் என்று.

முதல் நாள் சாயங்காலமே மண்டபத்துக்கு வந்து, காலை வெயில் எந்த ஜன்னல் வழியாக விழும் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு போனார். ஹோமகுண்டத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் புகை ஒவ்வொரு சுருளாகத் தெரியும். முன்னாலிருந்து பிளாஷ் அடித்தால் வெறும் வெள்ளைத் திரை. இதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். கல்யாணத்தன்று சாம்பல் நிறச் சட்டை, சத்தம் செய்யாத செருப்பு, தோளில் இரண்டு காமிரா. மேடையின் இடது ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். உதவிக்கு வந்த இன்னொருவர் பால்கனியில். கெட்டி மேளம் கொட்டிய போது சபையில் இருந்த அத்தனை பேரும் மேடையைப் பார்த்தோம். அட்சதை மணமக்கள் மேலேயே விழுந்தது. நம்மவர்களில் சிலர் செல்போனைத் தூக்கிப் பிடித்து எழுந்து நின்றார்கள். அதற்கு அவர் என்ன செய்வார்?

மூவாயிரத்துக்கு மேல் எடுத்து, சலித்து, 600 படம் கொடுத்தார். எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு சிலதில் ஏன் இதை எடுத்தார் என்றே புரியவில்லை. வாழை இலையும் செருப்புக் குவியலும் எனக்கு எதற்கு? ஆனால் காசி யாத்திரைப் படம் ஒன்று. மாப்பிள்ளை குடையும் விசிறியும் கையுமாகக் கிளம்புகிறார். பின்னால் ஒன்பது கஜப் புடவையில் அவர் அம்மா, பிள்ளை நிஜமாகவே எங்கே போகிறான் என்று விழிக்கிறார். இன்னொன்று தாலி கட்டும் நேரத்தது. நாத்தனார் முடிச்சுப் போட வந்த மராட்டியப் பெண்ணுக்கு முடிச்சு வரவில்லை. என் சித்தி அவள் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்துப் போட்டுக் காட்டுகிறாள். சித்திக்கு மராட்டி தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. தாலியும் தெரிகிறது, ஓரமாக. படம் என்னவோ அந்த நாலு கைகளைப் பற்றியது.

என் அண்ணாவின் படம் ஒன்றும் உண்டு. சமையல், பந்தி, வண்டி ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. மூன்றரை மணிக்கு, பந்தியெல்லாம் எடுத்து மேஜை துடைத்த பிறகு, சாப்பாட்டுக் கூடத்தின் கடைசியில் தனியாக உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிடுகிறார். சட்டைக் கையை மடித்து விட்டிருக்கிறார். பையிலிருந்து பில் எட்டிப் பார்க்கிறது. முகத்தில் அப்பாடா என்று ஒரு தெளிவு. 2021 மே மாதம் அண்ணா போய்விட்டார். அந்த மாதம் யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத நேரம் என்று உங்களுக்கே தெரியும். மேடையில் பட்டு அங்கவஸ்திரத்தோடு நிற்கும் படத்தைத்தான் சட்டம் போட வேண்டும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். மன்னி தயிர் சாதப் படத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். கூடத்தில் மேடைப் படம், மன்னியின் அறையில் மற்றது.

வரிசையில் நிற்பதும் மரியாதைதான்

இவ்வளவு சொன்னதால், வரிசையாக நிறுத்தி எடுக்கும் குரூப் போட்டோவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நண்பர் ஒருவர் வீட்டில் பிள்ளைகள் பிடிவாதமாக "ஒரு போஸ்கூடக் கிடையாது" என்று முடிவு செய்துவிட்டார்கள். படங்கள் பிரமாதம். ஆனால் பெண்ணின் தாய்மாமன், திருச்சிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர், ஆறு மாதம் கழித்தும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்: "மாலை எடுத்துக் கொடுத்தவன் நான். மணமக்களோடு நிற்கிற மாதிரி ஒரு போட்டோ இல்லையே!" அவர் கேட்பது நியாயம். மேடையில் மணமக்கள் பக்கத்தில் நிற்பது ஒரு மரியாதை; முறை தெரிந்து, வரிசைப்படி, யார் வலது யார் இடது என்று பார்த்து நிற்கும் மரியாதை. ஊரை விட்டு வந்த நமக்கு இது இன்னும் கூடுதல். இன்னாருக்கு இன்னார் இன்ன உறவு என்று இங்கே பிறந்த குழந்தைகள் தெரிந்துகொள்வது பாதி அந்தக் குரூப் போட்டோவைப் பார்த்துத்தான்.

எங்கள் வீட்டில் அதற்கென்று நாற்பது நிமிஷம் ஒதுக்கி, யார் யார் எந்தக் குழு என்று பட்டியல் போட்டு, அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட உரத்த குரல் உள்ள ஓர் அத்திம்பேரை நியமித்தோம். போட்டோகிராபருக்கு நம் உறவு முறை தெரியாது. அவரைக் கூப்பிடச் சொன்னால் நடக்காது. நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. மற்ற நேரமெல்லாம் அவரை அவர் போக்கில் விட்டுவிட்டோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. இயல்பாக எடுக்கிறேன் என்று எடுக்கும் படத்தில் மனுஷர்கள் காப்பில்லாமல் இருப்பார்கள். அழுவார்கள், வாயில் சோற்றோடு இருப்பார்கள், அறையில் தலைப் பின்னல் அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு அந்தப் படம் போட்டோக்காரரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விளம்பரமாக வந்து நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பெண்ணை அனுப்பும் போது தகப்பனார் தேம்பி அழுத படத்தை அவர் ஆபீஸ் சிப்பந்திகள்தான் முதலில் பார்த்தார்கள். முன்பணம் கொடுக்கும் போதே, எங்களைக் கேட்காமல் எந்தப் படத்தையும் வெளியே போடக்கூடாது என்று எழுதி வாங்கிவிடுங்கள். அறைகளுக்குள் யார் வரலாம், எப்போது வரலாம் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். இன்னொரு யோசனை: அவர் பொறுக்கி எடுத்த இருபது நல்ல படங்களைக் காட்டினால் மயங்காதீர்கள். ஏதாவது ஒரு கல்யாணத்தின் படங்கள் முழுவதையும் காட்டச் சொல்லுங்கள். இருட்டு மண்டபத்தில் என்ன செய்திருக்கிறார் என்று அப்போது தெரிந்துவிடும்.

கல்யாணத்துக்கு முன்பே மணமக்களைத் தோப்பு, கோட்டை, ஏரி என்று கூட்டிக்கொண்டு போய் எடுக்கும் படங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அது இளசுகள் பாடு. ஆனால் தண்டவாளத்தின் மேல் கை கோத்து நடக்கிற படம் மட்டும் வேண்டாம். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி அத்துமீறிப் பாதையில் நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும். வேகமாக வரும் வண்டிக்கு டிரைவர் அவசர பிரேக் போட்டாலும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். இப்போதைய மின்சார எஞ்சின் சத்தம் பக்கத்தில் வரும் வரை காதில் விழாது. அந்தப் பாதையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

கடைசியாக, எடுத்த படங்களை வைத்துக்கொள்வது பற்றி. 1990-களில் ஆயிரம் வாட் விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து எடுத்த வீடியோ காசெட்டுகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. போட்டுப் பார்க்கும் கருவி தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. உங்களிடம் காசெட் இருந்து, மாற்றிக் கொடுக்கும் கடை ஊரில் இருந்தால், இந்த வருஷமே கொடுத்துவிடுங்கள். நாடாவில் பூஞ்சை பிடித்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. டிஜிட்டல் படங்களுக்கும் இதே கதிதான் வரும். ஒரு படம் 25 எம்.பி. என்றால் மூவாயிரம் படம் 75 ஜி.பி. அதை ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு அலமாரியில் வைத்தால், டிஸ்க் கெட்ட அன்றைக்குக் கல்யாணமே இல்லை. இரண்டு டிஸ்க், இரண்டு வேறு வேறு வீட்டில் இருக்கட்டும். அதற்கும் மேலாக, நூறு படமாவது காகிதத்தில் அச்சுப் போட்டு வையுங்கள். பிசின் தடவின பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டும் ஆல்பம் வேண்டாம். அது படத்தைத் தின்றுவிடும். மூலையில் செருகும் பழைய மாதிரி ஆல்பம் போதும்.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் யார் யார், என்ன உறவு, எந்த ஊர் என்று இடமிருந்து வலமாக எழுதி விடுங்கள். ஓரத்தில் பாதி முகம் தெரிகிறவர், பின்னால் கதவருகே நிற்கிறவர் பெயரையும் சேர்த்து. பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும், மை ஊறும். மிருதுவான பென்சிலால், லேசாக, விளிம்போரம் எழுதுங்கள். வீட்டில் எண்பது வயதுக்காரர் யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்த்திக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.